தண்ணீர் எதுவரை வந்தது? வேதாரண்யம் புயல்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் 1977 நவம்பர் புயலைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து. "அதற்கு முந்தின புயல்களைப் பற்றியும் எழுதுங்கள் டீச்சர்" என்று உரிமையோடு கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க எங்கள் தாலுகாவுக்கே. புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாடப்புத்தகம் சொன்னதோடு, என் அம்மாவும் உப்பளத்து ஜனங்களும் சொன்னதையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

1952, 1955, 1977, கஜா... இந்த நான்கில் எது பெரிய புயல்? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் இதில்தான் வாக்குவாதம்.
— வாசகர், தகட்டூர்

அவரவர் பட்டதுதான் அவரவருக்குப் பெரிது. உங்கள் வீட்டு வாக்குவாதம் தீராது. எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

1952 நவம்பர் 30ஆம் தேதிப் புயல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை ஏறியது. சுமார் 400 பேர் இறந்தார்கள். கடல் நீர் ஐந்து மைல்வரை உள்ளே வந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்த ஈரம் காயுமுன், மூன்றே வருஷத்தில், 1955 நவம்பர் கடைசியில் அடுத்தது. அது ராஜாமடத்தில் கரை கடந்தது. அங்கே கடல் ஐந்து மீட்டர்வரை எழும்பி, பதினாறு கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. சுமார் 500 உயிர் போனது. 1977 நவம்பர் 12இல் நாகைக்குச் சற்றுத் தெற்கே கடந்த புயலில் இறந்தவர்கள் சுமார் 560 பேர். அந்த முறை திருச்சிவரை வெள்ளம். ஆனால் நாடு எங்களைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள், சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 19 அன்று ஆந்திராவில் திவிசீமையைக் கடல் அடித்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் பலியானார்கள். எங்கள் புயல் செய்தித்தாளின் உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. மணிக்கு 120 கிலோமீட்டர்வரை காற்று. முந்தின மூன்று புயல்களிலும் இறந்தவர்களை நூற்றுக்கணக்கில் எண்ணினோம். கஜாவில் அந்த எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் தென்னை, மா, முல்லைத் தோட்டம், உப்பளம், படகு, வலை எல்லாம் ஒரே ராத்திரியில் போயின. 1955இல் வீட்டுக்கு ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் அடுத்த வருஷம் சம்பா நட்டார்கள். கஜாவில் ஒருவரையும் பறிகொடுக்காத குடும்பங்கள் பிழைப்பு தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வண்டி ஏறின.

உயிரை வைத்துச் சொன்னால் பழைய மூன்றும் பெரிது. பிழைப்பை வைத்துச் சொன்னால் கஜாதான். என்னை வற்புறுத்திக் கேட்டால் 1955 என்பேன். அது காற்றாக வரவில்லை, தண்ணீராக வந்தது.

ராஜாமடம் உங்கள் ஊருக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே கரை கடந்த புயல் வேதாரண்யத்துக்குள் எப்படிக் கடலைக் கொண்டுவந்தது? அதைவிடக் கிட்டத்தில் கடந்த 1977 புயலில் ஏன் அந்த அளவு கடல் வரவில்லை?
— கல்லூரி மாணவி, மன்னார்குடி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு முழு மதிப்பெண் போடலாம் கண்ணு. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் உருவாகும் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். எங்கள் பக்கம் வரும் புயல்கள் கிழக்கிலிருந்து மேற்காக நகரும். புயல் போகிற திசையைப் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம், அதாவது வடக்குப் பக்கம், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். இடக்கைப் பக்கம் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வலப்பக்கத்து ஊருக்குள் கடல் ஏறும். இடப்பக்கத்து ஊரில் கூரை பறக்கும், மரம் சாயும், கடல் பின்வாங்குவதுகூட உண்டு.

1955 புயல் கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணை வழியாகப் போனது. வேதாரண்யம் அதன் வலக்கையில் அகப்பட்டது. 1977 புயல் எங்களுக்கு வடக்கே போனது. நாங்கள் இடக்கையில் இருந்தோம்.

இன்னொரு காரணம், எங்கள் கடலின் ஆழம். கோடியக்கரையில் கரை செங்குத்தாகத் திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. அந்தப் பக்கத்துக் கடலில் சராசரி ஆழமே பத்து மீட்டர் அளவுதான். ஆழ்கடலில் காற்று தள்ளுகிற தண்ணீருக்குக் கீழே இறங்கிப் போக இடம் உண்டு. ஆழமில்லாத கடலில் அதற்கு இருக்கும் ஒரே வழி கரைமேல் ஏறுவது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, தோப்புத்துறைப் பக்கத்தில் இருப்பவர்கள் செய்தியில் காற்று வேகம் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. புயல் தங்களுக்கு வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் "மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தி வாசிக்கிறார்கள். எண் ஏற ஏற ஆபத்து என்று மட்டும் தெரியும். மற்றபடி என்ன பொருள்?
— வாசகர், வேளாங்கண்ணி

மொத்தம் பதினொரு எண். 1, 2 என்றால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது, ஆழ்கடலுக்குப் போகிற கப்பலுக்கு எச்சரிக்கை. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5இலிருந்து கவனமாகக் கேளுங்கள். 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். 6 என்றால் வலப்பக்கம் விட்டுக் கடக்கும். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ கடக்கும். 8, 9, 10 மூன்றும் அதே வரிசைதான், புயல் மட்டும் கடுமையானது. 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுப்போய்விட்டது.

மேலே மாணவிக்குச் சொன்ன பதிலையும் இதையும் சேர்த்துப் படியுங்கள். 6ஆம் எண்ணும் 9ஆம் எண்ணும் ஏறினால் துறைமுகம் புயலின் வலக்கையில் இருக்கிறது, கடல்நீருக்குத் தயாராகுங்கள் என்று பொருள். எண் 10ஐவிடச் சிறியது என்று 9ஐ அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அது நாகைத் துறைமுகத்துக்கான எண். வேதாரண்யம் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது. துறைமுகம் வலக்கையில் இருக்கும்போது நாம் இடக்கையில் இருக்கலாம். பகலில் உருளையும் கூம்பும் தொங்கவிடுவார்கள், ராத்திரியில் சிவப்பு வெள்ளை விளக்கு. கைபேசி ஓய்ந்துபோன நேரத்தில் கரையிலிருந்து கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே செய்தி அது.

பழைய புயல்களுக்கு ஏன் பெயரே இல்லை?
— பள்ளி மாணவன், குரவப்புலம்

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. சுற்றியிருக்கும் நாடுகள் பட்டியல் கொடுக்கும். கஜா இலங்கை கொடுத்த பெயர். அதற்கு முன்னால் எங்களுக்கு வருஷம்தான் பெயர். உன் தாத்தாவிடம் வயதைக் கேட்டுப் பார், "அம்பத்தஞ்சு புயலப்ப கைப்பிள்ளை" என்று சொல்லக்கூடும்.

கஜா ராத்திரி நான் சென்னையில் இருந்தேன். அப்பா அம்மா மட்டும் செம்போடையில் இருந்தார்கள். நடுவில் காற்று நின்றதும் அப்பா தோட்டத்தைப் பார்க்க வெளியே போய்விட்டார். பிழைத்தது தெய்வாதீனம். இனிமேல் அவரிடம் என்ன சொல்லி நிறுத்துவது?
— வாசகி, சென்னை

உங்கள் அப்பா மட்டுமில்லை அம்மா, அன்றைக்கு எங்கள் தெருவிலும் டார்ச் விளக்கோடு இரண்டு மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். என் மகன் மாட்டுக் கொட்டகைக்குப் போகிறேன் என்று தாழ்ப்பாளைத் தொட்டான். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ராத்திரி முழுக்க வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு இலைகூட அசையாமல் நின்றுபோனது. தெருவில் நாய் குரைப்பது கேட்டது. அதுவரை அந்த நாய் குரைத்திருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. அதற்கப்புறம் தெற்கே இருந்து, சோழகக் காற்று வருகிற திசையிலிருந்து, முன்னதைவிட வேகமாக இறங்கியது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. மேற்கு நோக்கிப் போகிற புயலின் கண் நம் தலைக்கு மேலே வந்தால், முன்பாதியில் வடக்கிலிருந்து காற்று, கண்ணுக்குள் அமைதி, பின்பாதியில் தெற்கிலிருந்து காற்று. முன்பாதி மரத்தின் வேரை ஒரு பக்கம் இளக்கிவிட்டுப் போகும். பின்பாதி எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடுங்கும். செம்போடை, தேத்தாகுடிப் பக்கத்து மாந்தோப்புகளில் முன்பாதிக்குத் தாக்குப்பிடித்த பழைய மரங்கள் பின்பாதியில் போனது இதனால்தான். இன்னொரு கணக்கும் அப்பாவிடம் சொல்லுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அறுபது கிலோமீட்டர் காற்றில் நின்று பழகிய மனிதர் நூற்றிருபதில் நிற்க முடியாது.

நிறுத்த வழி கேட்டீர்கள். புத்திமதியைவிட ஒரு வேலையைக் கொடுங்கள். காற்று திடீரென்று நின்றால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மறுபடி எப்போது தொடங்குகிறது, எந்தத் திசையிலிருந்து என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை. ஊருக்கும் பயன்படும்.

மாட்டைக் கட்டிப்போடுவதா, அவிழ்த்துவிடுவதா?
— விவசாயி, பஞ்சநதிக்குளம்

கட்டியிருக்கக் கூடாது. கட்டிய மாடு தண்ணீரில் நீந்த முடியாது, சுவர் விழுந்தால் நகர முடியாது. மேட்டுப் பக்கம் ஓட்டிவிட்டு அவிழ்த்துவிடுங்கள். 1955இல் எங்கள் தெருவில் பிழைத்த மாடுகள் எல்லாம் கயிறு அறுந்தவையோ அவிழ்த்துவிட்டவையோதான் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சுனாமியில் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் அழிந்தபோது வேதாரண்யம் பக்கம் சேதம் குறைவு என்கிறார்கள். வேதாரண்யேசுவரர் காப்பாற்றினார் என்கிறார் என் மாமியார். நாலுவேதபதி மரங்கள்தான் காரணம் என்கிறார் என் கணவர்.
— வாசகி, திருவாரூர்

இரண்டு பேருமே நம் ஊரின்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. நம் நேரப்படி காலை ஆறரைக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஒன்பது மணிக்கு மேல் அலை நம் கரைக்கு வந்தது. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தும் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் அதற்கான ஏற்பாடே கிடையாது. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அரையாண்டு விடுமுறை என்பதால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இல்லை, கரையில் இருந்தார்கள். இதை எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

வேதாரண்யம் பக்கமும் உயிர் போகாமல் இல்லை. ஆனால் குறைவு. கரையோரம் உயரமான மணல்மேடுகள் பல இடங்களில் வெட்டப்படாமல் இருந்தன. கோடியக்கரையில் காடு இருந்தது. நாலுவேதபதியில் 2002இல் கின்னஸ் சாதனைக்காக ஒரே நாளில் சவுக்கு முதலான 80,244 கன்றுகள் நட்டார்கள். இரண்டு வருஷத்தில் அவை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, அலையின் வேகத்தை உடைத்து, ஊருக்குப் பெரும் காப்பாக நின்றன. சாதனைக்காக நட்டதானாலும் நட்ட கைகளை நான் கும்பிடுகிறேன்.

ஆனால் உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். சவுக்கு எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. அலைக்கு முன்னால் நிற்கிற சவுக்கு, கஜா மாதிரிக் காற்றுக்கு முன்னால் வரிசையாகச் சாயும். நம் கரையின் மணல்மேடும், அதன்மேல் படர்கிற அடம்புக் கொடியும் அப்படி இல்லை. மணல்மேட்டை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்களைக் கேள்வி கேட்க ஊருக்கு உரிமை இருக்கிறது. நூறு கன்று நடுகிற விழாவுக்குக் கூடுகிற கூட்டம் ஒரு மேட்டைக் காப்பாற்றவும் கூட வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.

கடல்நீர் புகுந்த வயல் மறுபடி விளையுமா? எத்தனை வருஷம் ஆகும்?
— விவசாயி, வாய்மேடு

விளையும். சுனாமிக்குப் பிறகு பத்து வருஷம் தரிசுதான் என்று பயந்தோம். ஆனால் 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிய விட்டவர்கள் ஒன்றிரண்டு போகத்தில் மீண்டார்கள். நடுவில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். மணற்பாங்கான நிலம் சீக்கிரம் தேறும். களிமண் தாமதமாகத் தேறும், அதற்கு ஜிப்சம் இட வேண்டியிருக்கலாம். மண் பரிசோதனை செய்யாமல் இடாதீர்கள். வடிகால் இல்லாத பள்ளத்தில் என்ன இட்டாலும் உப்பு போகாது. முதலில் வடிகாலைப் பாருங்கள்.

நான் உப்பளத் தொழிலாளி. புயல் நிவாரணம் என்றால் வீடு, தென்னை, படகு இதற்குத்தான் கணக்கெடுக்கிறார்கள். எங்களை யார் கணக்கில் எடுப்பார்கள்?
— வாசகர், அகஸ்தியம்பள்ளி

உங்கள் கடிதத்தை முழுசாகப் போட இடமில்லை, மன்னிக்க வேண்டும். ஆனால் கேள்வி நியாயமானது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கே, சுமார் ஒன்பதாயிரம் ஏக்கரில். 1930இல் ராஜாஜி நடந்துவந்து அள்ளியதும் இந்த மண்ணில்தான். தை மாசி வாக்கில் பாத்தி கட்டத் தொடங்கினால் ஐப்பசி மழைவரை வேலை. மழை வந்ததும் உப்பை அம்பாரமாகக் குவித்து, கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத்தான் மழைக்காலம் ஓடும். கஜா அந்த அம்பாரங்களைக் கரைத்தது மட்டுமில்லை, கடலடிச் சேற்றைக் கொண்டுவந்து பாத்திகளில் கொட்டிவிட்டுப் போனது. கரையில் நடந்தால் முழங்கால்வரை கறுப்புச் சேறு. காய்ந்ததும் தோல் தோலாக வெடித்துக் கிடந்தது. அதை வாரி எடுக்காமல் அடுத்த பருவம் கிடையாது. வாருகிற கூலி யார் கொடுப்பது என்று அளத்துக்காரர்களும் தொழிலாளிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. காய்க்கவே ஐந்தாறு வருஷம் ஆகிற மரத்துக்கு அது போதாது என்று தென்னை விவசாயிகள் சொன்னது முழுக்க நியாயம். ஆனாலும் அவர்களுக்கு எண்ணிக் காட்ட மரம் இருந்தது. கூலிக்கு உப்பு வாரியவருக்கு எண்ணிக் காட்ட எதுவுமில்லை. போன பொருளை வைத்துக் கணக்கெடுக்கிற வரையில் பொருளில்லாதவர் பெயர் பட்டியலில் ஏறாது. போன வேலை நாளைக் கணக்கெடுக்க வேண்டும். அதற்கு உங்கள் பக்கம் காகிதம் வேண்டும். யார் அளத்தில், எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, என்ன கூலி என்று இந்தப் பருவம் முதலே ஒரு நோட்டில் எழுதி அளத்துக்காரரின் கையெழுத்தை வாங்கிவையுங்கள். சங்கத்தில் பதிவைப் புதுப்பித்துவிடுங்கள். இதை நாற்பது பேர் சேர்ந்து செய்தால் தாலுகா ஆபீஸில் எடுத்து வைக்கலாம், தனியாளாகச் செய்தால் எடுபடுவது கஷ்டம்.

கோடியக்காட்டு மான்கள் கஜாவுக்குப் பிறகு எப்படி இருக்கின்றன?
— பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

புயலில் வெளிமான்களும் மட்டக் குதிரைகளும் ஏராளமாகச் செத்தன. உடல்கள் கரையொதுங்கின. பசுங்காடு இலையில்லாமல் குச்சி குச்சியாக நின்றது. ஆனால் வெளிமான் இன்னும் புல்வெளியில் மேய்கிறது, கார்த்திகை மார்கழியில் பூநாரையும் வருகிறது. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனால் மான் காட்டுவதோடு, சோழர் காலத்தது என்று சொல்லும் செங்கல் கலங்கரை விளக்கம் இருந்த இடத்தையும் காட்டுங்கள். பல நூறு வருஷம் நின்றது, சுனாமியில் இடிந்தது. அடிப்பகுதிதான் மிச்சம்.

கோடியக்கரை கோடிக்குழகர் கோயிலில் சுந்தரர் பதிகம் பாடும்போதெல்லாம் அது புயலைப் பார்த்துப் பாடியதோ என்று தோன்றும். சரியா?
— ஓதுவார் குடும்பத்து வாசகி, சீர்காழி

புயல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதிகமே "கடிதாய்க் கடற்காற்று" என்றுதான் தொடங்குகிறது. இப்படிக் கடல்காற்று வந்து மோதுகிற கரையில், பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் தனியாக இருக்கிறீரே, யார் துணை என்று சாமியையே கேட்கிறார். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். இந்தக் கரையின் காற்றைப் பற்றி நான் அறிந்த மிகப் பழைய சாட்சி அதுதான். அந்த ஊரில் பிறந்தவர்கள் அந்தக் கேள்வியை வேறு மாதிரிக் கேட்பார்கள். கஜாவுக்கு அடுத்த நாள் கோடியக்கரைக்குப் போகிற சாலை முழுக்க மரம் விழுந்து கிடந்தபோது, யார் துணை என்று அவர்களும்தான் கேட்டார்கள்.

தனுஷ்கோடி மாதிரி வேதாரண்யமும் கைவிடப்பட்ட ஊராகுமா?
— வாசகர், ராமநாதபுரம்

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்கு நேர்ந்தது வேறு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல் திட்டு, ஏறி நிற்க மேடு கிடையாது. எங்கள் தாலுகாவில் கடலுக்கு இணையாகப் பழைய மணல்மேடுகள் வரிசை வரிசையாக உள்ளே போகின்றன. பழைய ஊர்கள் அந்த மேடுகளின்மேல்தான் இருக்கின்றன. புதுசாக மனை போடுகிறவர்கள்தான் பள்ளத்தில் போடுகிறார்கள்.

அப்படியானால் புயல் வராத வருஷம்தான் எங்களுக்கு நல்ல வருஷமா?
— வாசகி, ஆயக்காரன்புலம்

2016ஐ மறந்துவிட்டீர்களா அம்மா? அந்த வருஷம் எங்கள் பக்கம் ஒரு பெரும் புயலும் வரவில்லை. டிசம்பரில் வர்தா வந்தது, அதுவும் சென்னைக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. நூற்று நாற்பது வருஷத்தில் அப்படிக் குறைந்ததில்லை. ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத நம் ஊர்களில் விதைத்த நெல் முளைத்த இடத்திலேயே கருகியது. குளம் காய்ந்து, கிணற்றில் உப்பு ஏறியது. நமக்கு மழை கொடுப்பதும் அதே வங்கக் கடல் தாழ்வுநிலைகள்தான். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மூன்று தாழ்வுநிலை வந்து, புயலாகாமல் மழையாகப் போனால் அதுதான் நமக்கு நல்ல வருஷம். வறட்சிக்குக் கூண்டு ஏற்றுவதில்லை, அமைச்சர் ஹெலிகாப்டரில் வருவதில்லை. ஆனால் அதுவும் பேரிடர்தான்.

கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் மனை வாங்கியிருக்கிறேன். தரைமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் வைத்துக் கட்டலாம்? இன்ஜினியர் இரண்டடி போதும் என்கிறார்.
— வாசகர், தோப்புத்துறை

இன்ஜினியர் உங்கள் மனையை இப்போதுதான் பார்க்கிறார். அந்தத் தெருவில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். "எவ்வளவு தண்ணீர்" என்று கேட்காதீர்கள், "நிறைய" என்றுதான் பதில் வரும். "திண்ணை முங்கியதா, நிலைப்படி முங்கியதா, மாடப் பிறை முங்கியதா" என்று கேளுங்கள். அதைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லி டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீர் மழை வெள்ளமா, கடலா என்பதையும் கேட்டுவிடுங்கள். 1955இல் விடியுமுன் வாசல்படியில் தண்ணீர் ஏறியபோது என் பாட்டி குனிந்து ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாராம். உப்புக் கரித்தது. பத்தாயத்து நெல்லைப் பார்க்காதே, பிள்ளையைத் தூக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மேட்டுத் தெருவுக்கு நடந்தார்கள். மழைத் தண்ணீர் மெதுவாக ஏறும், மெதுவாக வடியும், பாத்திரத்தைப் பரணில் ஏற்ற நேரம் கொடுக்கும். கடல்நீர் அப்படிக் கொடுக்காது. மழை வெள்ளம் மட்டும்தான் வந்த மனை என்றால், அந்த அடையாளத்துக்கு மேல் இரண்டடி வைத்துக் கட்டுங்கள். கடல் வந்த மனை என்றால் தரையை உயர்த்தினால் மட்டும் போதாது. மாடிப்படி வீட்டுக்குள்ளிருந்தே ஏறும்படி வையுங்கள். மொட்டை மாடியில் கான்கிரீட் கூரையோடு ஒரு சின்ன அறையாவது கட்டுங்கள். தகரக் கூரை வேண்டவே வேண்டாம்.

அளந்த அளவை உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் எனக்கும் எழுதி அனுப்புங்கள். மற்ற வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். 1952, 1955, 1977, சுனாமி, கஜா, எதுவானாலும் சரி, உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, உப்பா நல்ல தண்ணீரா, எத்தனை நாள் நின்றது, சொன்னவருக்கு அப்போது என்ன வயது என்று எழுதுங்கள். தெருப் பெயர் போதும், சொன்னவர் பெயர் வேண்டாம். வருகிற விவரங்களை ஊர் ஊராகப் பிரித்து இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன். ஒத்துக்கொள்கிற பள்ளிக்கூடங்களில் வெளிச்சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு நீலக்கோடும் வருஷமும் எழுதவைக்க முயற்சி செய்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் அனுப்பினால் இந்த மழைக்கு முன்பே கோடு போட்டுவிடலாம்.